சிங்க இறால் ஏற்றிய விமானம்

நத்தார் நெருங்கினால் எங்கள் குசினிக்குச் சிங்க இறால் வரத் தொடங்கும். வெள்ளை றிஜிஃபோம் பெட்டி, உள்ளே ஈரக் கடதாசி, கொடுக்கு இரண்டிலும் இறப்பர் வளையம். பெட்டியின் பக்கத்தில் "கனடா" என்று அச்சடித்திருக்கும். இங்கே பிரெஞ்சில் ஓமார் என்பார்கள். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை ஒவ்வொன்றும் அசைகிறதா என்று பார்ப்பதுதான். அசையாவிட்டால் அது காசில்லை. ஆகவே அது கப்பலில் வர முடியாது. அத்திலாந்திக் சமுத்திரத்தை ஒரே இரவில் தாண்டி, விமானத்தில்தான் வரவேண்டும்.

இந்தப் பெட்டிகள் எப்படி வந்து சேர்கின்றன என்று ஒருநாள் சும்மா தேடப் போய்த்தான் இந்தக் கதை என் கண்ணில் பட்டது. பிறகு விட முடியவில்லை. விசாரணை அறிக்கையையே தேடிப்பிடித்து வாசித்தேன். இருபது வருடங்களுக்கு மேல் பழைய கதைதான். ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கு இது பழைய கதையாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

2004 ஒக்ரோபர் 14. கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஹலிஃபாக்ஸ் விமான நிலையம். அதிகாலை நாலு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னர், எம்.கே. எயார்லைன்ஸ் என்ற நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதைக்கு வருகிறது. ஐரோப்பாவில் லக்சம்பேர்க்கிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் பிராட்லி என்ற விமான நிலையத்தில் இறங்கி, அங்கே புல்வெட்டும் சின்ன உழவு இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு ஹலிஃபாக்ஸுக்கு வந்திருந்தது. இங்கே ஏற்றியது சிங்க இறாலும் மீனும். ஐம்பது தொன்னுக்கு மேல். அடுத்த இடம் ஸ்பெயினில் சரகோசா. சமுத்திரத்தைத் தாண்டவேண்டும் என்பதால் எரிபொருளும் நிறைய. விமானத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். விமானிகள் மூவர், பொறியியலாளர்கள், சரக்கு ஏற்றுவதைப் பார்க்கும் ஒருவர். பயணிகள் ஒருவரும் இல்லை.

அந்த விமானம் ஓடுபாதை முழுவதையும் ஓடி முடித்தும் எழும்பவில்லை. ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

எஞ்சினில் பழுதில்லை. காலநிலை மோசமில்லை. குண்டு இல்லை, சதி இல்லை. விமானத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றே சொல்லலாம். பிழையாக இருந்தது ஒரேயொரு இலக்கம். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், நானே பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். 2006 இல் ஏ-9 பாதை பூட்டியதோடு என் பல்கலைக்கழகமும் பூட்டுப்பட்டது. அந்த அளவுக்கு எனக்கு ஞாபகம் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு விமானத்தைத் தூக்குவது இறக்கைகளைச் சுற்றி ஓடுகிற காற்று. வேகம் இரண்டு மடங்கானால் தூக்குகிற விசை நாலு மடங்காகும். அதாவது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். பாரம் கூடினால் எழும்புவதற்குத் தேவையான வேகமும் கூடும். இது முதலாவது. இரண்டாவது, பாரம் கூடினால் அதே எஞ்சின் அதே விமானத்தை மெதுவாகத்தான் வேகமெடுக்க வைக்கும். இந்த இரண்டு பாதிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கணக்கைச் சுருக்கினால், எஞ்சின் வலு மாறாமல் இருந்தால் ஓடவேண்டிய தூரம் ஏறத்தாழ நிறையின் வர்க்கத்தோடு கூடுகிறது. பாரம் ஒன்றரை மடங்கானால் தூரம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டே கால் மடங்கு.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். சின்னப் பயணிகள் விமானம் கொஞ்சம் ஓடி 'விசுக்' என்று எழும்பிவிடும். இரவில் போகிற பாரமான சரக்கு விமானம் ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுபாதை முடியப் போகிறதே என்று பார்ப்பவனுக்கு நெஞ்சு இடிக்கும்போதுதான் மூக்கைத் தூக்கும். 747-400 சரக்கு விமானம் ஆகக்கூடியது ஏறத்தாழ 397 தொன் நிறையோடு எழும்பலாம். அதில் விமானத்தின் சொந்த நிறை பாதிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் சரக்கும் எரிபொருளும்தான்.

இதில் எரிபொருளும் சரக்கும் ஒன்றோடொன்று சண்டை. தூரம் போக எரிபொருள் வேண்டும், எரிபொருள் கூடினால் சரக்கைக் குறைக்க வேண்டும். சரக்கைக் குறைத்தால் வருமானம் போய்விடும். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு விமானங்கள் அலாஸ்காவில் அங்கரேஜ் என்ற இடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவது இதனால்தான். உயரமான இடமென்றால் காற்று அடர்த்தி குறைவு, இன்னும் ஓடவேண்டும். தென்னாபிரிக்காவில் ஜொகனஸ்பேர்க் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு ஓடுபாதையின் நீளம் 4,400 மீற்றருக்கு மேல். ஹலிஃபாக்ஸில் அன்று பாவித்த ஓடுபாதை 2,682 மீற்றர்.

இன்னொன்று. விமானிகள் எப்போதும் முழு வலுவைப் போட்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முழு வலுவில் ஓட்டினால் எஞ்சினின் ஆயுள் குறையும், பராமரிப்புச் செலவு கூடும். ஆகவே இன்றைய நிறை என்ன, ஓடுபாதை எவ்வளவு நீளம், வெப்பம் என்ன என்று பார்த்து, போதுமான வலு எவ்வளவோ அதை மட்டும் வைப்பார்கள். இது சட்டப்படி சரியான, உலகம் முழுக்க நடக்கிற முறைதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பாரம் குறைந்த நாளிலும் விமானம் ஆறுதலாகத்தான் ஓடும். அதனால் "இன்றைக்கு ஏதோ மெதுவாக ஓடுகிறதே" என்று விமானியின் உடம்பு எச்சரிப்பது குறைந்துவிடுகிறது. எல்லாமே காகிதத்தில் இருக்கும் இலக்கத்தை நம்பித்தான்.

இனி அந்த இலக்கம்.

பிராட்லியிலிருந்து எழும்பியபோது விமானத்தின் நிறை ஏறத்தாழ 240 தொன். ஹலிஃபாக்ஸில் சிங்க இறாலும் எரிபொருளும் ஏற்றிய பிறகு 353 தொன்னுக்கு மேல். புறப்படுவதற்கான வேகத்தையும் வலுவையும் கணக்கிட ஒரு மடிக்கணினி வைத்திருந்தார்கள். அந்த மடிக்கணினியில் பிராட்லியின் நிறையே இருந்திருக்கவேண்டும் என்பதுதான் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்ட முடிவு. அதாவது முந்திய இடத்தின் நிறை. ஏற்றிய நூறு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைக் கணினி காணவில்லை. அது தன் பங்குக்குச் சரியாகக் கணக்குப் போட்டு, 240 தொன் விமானத்துக்கு வேண்டிய வேகத்தையும் வலுவையும் கொடுத்தது. அந்த மென்பொருளில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாலே, ஒருவர் போட்ட நிறை அவருக்குத் தெரியாமல் மாறிவிடக்கூடிய ஒரு குணமும் இருந்திருக்கிறது. விமானிகளின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி தீயில் கருகிப்போனதால் கடைசி நேரத்தில் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பறப்புத் தரவுப் பெட்டி மட்டும் கிடைத்தது.

விமானத்தின் மூக்கை ஏறத்தாழ 130 நொட் வேகத்தில் தூக்கினார்கள். உண்மையான நிறைக்குத் தேவைப்பட்டது 160 நொட் அளவில். மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 353 ஐ 240 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்து 130 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 158 வரும். பௌதிகம் பொய் சொல்லாது. மூக்கு எழும்பியது, விமானம் எழும்பவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. ஓடுபாதை முடிய இருநூறு மீற்றருக்கும் குறைவாக இருக்கும்போது எஞ்சினுக்கு வலுவைக் கூட்டினார்கள். வால் மறுபடி உரசியது. ஓடுபாதை முடிந்தும் புல்தரையில் இருநூறு மீற்றர் அளவு ஓடித்தான் சக்கரங்கள் நிலத்தை விட்டன. ஏறத்தாழ நூறு மீற்றர் பறந்தது. அங்கே, இறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் அன்ரனா வைப்பதற்காகக் கட்டிய ஒரு மண்திட்டு இருந்தது. வால் அதில் அடிபட்டுப் பிய்ந்துவிட்டது. மிச்ச விமானம் இன்னும் முந்நூறு, நாநூறு மீற்றர் போய் விழுந்து எரிந்தது.

பறந்தது நூறு மீற்றர்! அந்தத் திட்டு இல்லாவிட்டால் தப்பியிருக்குமா என்று நானும் யோசித்தேன். தெரியாது. ஆனால் எவ்வளவு மட்டுமட்டான விளையாட்டு என்று விளங்குகிறது.

"இது என்ன மடத்தனமான பிழை, ஒரு நிறையைச் சரிபார்க்கத் தெரியாதா" என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். பிறகு தேடிப் பார்த்தால் இதே பிழை பெரிய, பணக்கார நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. 2003 மார்ச் 12, நியூசிலாந்தின் ஒக்லாந்து. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் 747-400. உண்மையான நிறை 347.4 தொன், கணக்கில் போட்டது 247.4. ஒரு இலக்கம் மாறி நூறு தொன் காணாமற் போய்விட்டது. வால் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தூரம் ஓடுபாதையில் தேய்ந்து, பிறகு எழும்பித் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. 2009 மார்ச் 20, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண். எமிரேட்ஸின் எயார்பஸ் ஏ-340. உண்மை 362.9, போட்டது 262.9. திரும்பவும் அதே நூறு தொன்! அது 3,657 மீற்றர் நீளமான ஓடுபாதை. அதையும் தாண்டிப் புல்லுக்குள் போய், தலைமை விமானி முழு வலுவையும் கொடுத்ததால் எழும்பி, அங்கிருந்த கருவிகளில் இடித்துக்கொண்டு, வட்டமிட்டு வந்து இறங்கியது. அந்த விமானத்தில் 275 பேர். ஒருவருக்கும் காயமில்லை.

ஆக, இந்தப் பிழையை விட்டவர்கள் மூடர்கள் அல்லர். ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்தவர்கள். இரண்டு விமானம் தப்பியது, ஒன்று தப்பவில்லை. மெல்பேர்ணில் இருந்த ஓடுபாதை ஹலிஃபாக்ஸில் இருக்கவில்லை. ஹலிஃபாக்ஸில் வேறொன்றும் இருந்தது. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நித்திரை.

விபத்து நடந்தபோது அந்த விமானிகள் ஏறத்தாழ 19 மணி நேரமாக வேலையில் இருந்தார்கள். பயணத்தில் ஏற்கனவே தாமதங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்து வேலை முடிந்திருந்தால், அதற்குள் 30 மணி நேரம் ஆகியிருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. நிறுவனத்தின் சொந்த விதியே ஆகக்கூடியது 24 மணி நேரம் என்று இருந்தும், அதைத் தாண்டுவது அங்கே புதினமான விஷயமாக இருக்கவில்லை. விடியற்காலை நாலு மணி, உடம்பு ஆக மந்தமாக இருக்கிற நேரம். வெளியே இருட்டு, எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று கண் கணக்குப் பார்க்க வெளிச்சம் இல்லை. களைப்பும் இருட்டும் சேர்ந்துதான் அவர்கள் நிலைமையைக் கடைசிவரை உணராமல் செய்திருக்கலாம் என்று சபை எழுதியது.

இதை வாசித்தபோது எனக்கு என்னுடைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. ஒப்பிடக்கூடிய அளவு பெரிதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வந்த புதிதில், கடன் அடைக்கவேண்டிய நாட்களில், பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் இன்னொன்றில் வேலை செய்து, அதிகாலையில் ஒரு கட்டடத்தைக் கூட்டித் துடைத்தேன். நித்திரை மெற்றோவில்தான். ஒருநாள் இரவு, அடுத்த நாளைக்கு வேண்டிய சாமான்களை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் எழுதினேன், கவனமாக, வடிவான எழுத்தில். ஆனால் எழுதியது முதல்நாள் துண்டைப் பார்த்து. அடுத்த நாள் நூற்றிருபது பேருக்கு விருந்து இருந்தது. முதல்நாள் நாற்பது பேர். முதலாளி கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. "கண் இல்லையா உனக்கு?" என்றார். கண் இருந்தது. பார்த்துக்கொண்டும் இருந்தேன். பார்ப்பது பழைய துண்டு என்பது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.

அதுதான் அந்த மடிக்கணினியில் நடந்ததும். என் பிழைக்கு இறைச்சி போதாமற் போனது. அவர்களுக்கு ஓடுபாதை போதாமற் போனது.

விபத்துக்குப் பிறகு என்ன நடந்தது? 2006 இல் வந்த அறிக்கையில் கனடாச் சபை ஒரு முக்கியமான பரிந்துரை செய்தது. விமானம் ஓடும்போதே "நீ ஓடுகிற வேகம் போதாது" என்று விமானிக்கு நேரத்தோடு எச்சரிக்கிற ஒரு கருவி வேண்டும் என்பது. கேட்க மிக எளிதாக இருக்கிறது. எயார்பஸ் நிறுவனம் தன் புதிய விமானங்கள் சிலவற்றில் இந்த வகைக் கண்காணிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் உலகம் முழுக்க எல்லா விமானத்துக்கும் அது கட்டாயமாக்கப்படவில்லை. எம்.கே. எயார்லைன்ஸ் 2010 இல் பறப்பதை நிறுத்திவிட்டது.

நித்திரை விஷயத்தில் நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். சுவாரசியம் என்பதா, கேவலம் என்பதா தெரியவில்லை. அமெரிக்காவில் 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பு பெரிய விவாதமாகி, விமானிகளின் வேலைநேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகள் எழுதப்பட்டன. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. நல்ல விதிகள். ஆனால் சரக்கு மட்டும் ஏற்றும் நிறுவனங்களுக்கு அவை கட்டாயமில்லை என்று விலக்குக் கொடுத்தார்கள்! காரணம் செலவுக் கணக்கு. சரக்கு விமானம் விழுந்தால் சாகிறவர்கள் இரண்டு மூன்று பேர். விதியை அமுல்படுத்த நிறுவனங்களுக்கு ஆகும் செலவு, தப்புகிற உயிர்களின் பெறுமதியை விடக் கூட என்று கணக்கு வந்ததாம்.

அந்த விதி அறிவிக்கப்பட்டு, நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, 2013 ஓகஸ்ட் 14 விடியற்காலை அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாமில் ஒரு யூ.பி.எஸ். சரக்கு விமானம் இறங்கும்போது விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். காரணங்களில் களைப்பும் ஒன்று என்று விசாரணையில் வந்தது. அந்த விமானத்தின் பதிவுக் கருவி கிடைத்தது. அதில், புறப்படுவதற்கு முன்னர் அந்த இருவரும் கதைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? சரக்கு விமானிகளுக்கு ஏன் வேறு ஓய்வு விதி, நாங்கள் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறோம் என்பதைத்தான்.

விமானியின் உடம்பு ஒன்றுதான். பின்னால் இருப்பது மனிதரா, சிங்க இறாலா என்று பார்த்து அதற்கு நித்திரை வருவதில்லை. சரக்கு விமானம் என்றால் வேலை அநேகமாக இரவில்தான், அவர்களுக்கு ஓய்வு கூட வேண்டும் என்றுதான் எந்தப் பாமரனும் சொல்வான். ஆனால் இந்தக் கணக்கில் நித்திரைக்கு உரிமை விமானியுடையதல்ல, பயணியுடையது. பயணி இல்லாவிட்டால் நித்திரையும் இல்லை.

எங்கள் ஆட்களில் இரண்டு வேலை, மூன்று வேலை செய்கிறவர்கள் இதை வாசிப்பீர்கள். இரவு வேலை முடித்து, காரை ஓட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள். நாங்கள் இதைப் பெருமையாகக் கதைக்கிறோம். "அவன் ஒரு நாளைக்கு பதினெட்டு மணித்தியாலம் முறிவான்" என்று கலியாண வீடுகளில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. களைப்பு வந்தால் கண் மூடும், அப்போது தெரியும் என்று நினைத்திருந்தேன். அது பிழை. கண் திறந்தபடியே, கை வேலை செய்தபடியே, நேற்றைய இலக்கத்தை இன்றையது என்று நம்ப வைக்கும். அதைத்தான் ஹலிஃபாக்ஸ் எனக்குச் சொல்லித் தந்தது.

போன நத்தாருக்கும் பெட்டிகள் வந்தன. அசைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் எத்தனை மணிநேரம் விழித்திருந்தார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.